துட்டி வீட்டுக்கு வந்த பிரமாணம்

கோவில்பட்டிப் பக்கம் ‘ஒத்த’ என்றால் இரண்டு அர்த்தம். ஒத்த மாடு என்றால் ஜோடி இல்லாத மாடு. ஒத்தப் பிள்ளை என்றால் கூடப் பிறந்தவர் யாருமில்லாத பிள்ளை. ஆனால் ஒத்த வயசுக்காரர்கள் என்றால் இரண்டு ஆள். வயசு மட்டும் பொருந்தி வருகிறது. ஒற்றையும் ஒப்பும் கரிசல் நாக்கில் ஒரே ஓசையாகிவிட்டன. மாட்டைப் பார்த்தோ ஆளைப் பார்த்தோ எந்த அர்த்தமென்று தெரிந்துகொள்வார்கள். இதற்காக இங்கே யாரும் வாய்த்தகராறுகூடப் போட்டதில்லை.

ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ரோமப் பேரரசின் கிழக்குப் பாதி இதற்காகத்தான் அடித்துக்கொண்டது. அந்தச் சண்டையில் பிறந்த ஒரு வாசகம், கப்பல் ஏறி, முத்துக்குளித்துறையில் இறங்கி, பனையோலையிலும் அச்சிலும் ஏறி, கடைசியில் கரிசல் மண்ணில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு வேதக்கோயிலில் எங்கள் ஆச்சியின் வாய்க்கு வந்து சேர்ந்தது. சி.எஸ்.ஐ.க்காரர்களான நாங்கள் அதை விசுவாசப் பிரமாணம் என்போம். ஆர்.சி.க்காரர்கள் இப்போது நம்பிக்கை அறிக்கை என்கிறார்கள். அதில் அண்ணன் தம்பி இரண்டு உண்டு. சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்குச் சின்னது, அப்போஸ்தலர் பிரமாணம். நற்கருணை நாளுக்குப் பெரியது, நிசேயா பிரமாணம். சின்னதன் வேர் ரோமாபுரியில் ஞானஸ்நானம் பெற வந்தவர்களிடம் கேட்ட கேள்விகளில் இருக்கிறது. பெரியதன் வேர் சண்டையில்.

சண்டையின் ஊர் எகிப்தின் அலெக்சாந்திரியா. அங்கே ஆரியுஸ் என்றொரு குருவானவர் இருந்தார். பிதா என்று ஒருவர் இருந்தால் பிள்ளைக்கு முந்தித்தானே இருந்திருக்க வேண்டும் என்று கேட்டார். அப்படியானால் குமாரன் இல்லாதிருந்த ஒரு நிலை இருந்தது. அவர் எல்லாப் படைப்புகளுக்கும் மேலானவர், ஆனால் படைப்புதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எந்த வீட்டில் அப்பனுக்கு முன்னால் பிள்ளை பிறந்திருக்கிறது? அதை மாலுமிகளும் மாவரைக்கிறவர்களும் பாடும்படி மெட்டுப் போட்டும் விட்டார். தெருவில் பாட்டாக ஓடுகிற உபதேசத்தை மடக்குவது லேசில்லை. மறு தரப்பு கேட்ட கேள்வி இதைவிட நேரானது: படைக்கப்பட்ட ஒருவரைக் கும்பிடலாமா? கும்பிட்டால் அது விக்கிரக வழிபாடு இல்லையா? படைப்பு படைப்பை எப்படி மீட்கும்?

கி.பி. 325-ல் கான்ஸ்டன்டைன் பேரரசர் ஆயர்களை நிசேயாவுக்கு அழைத்தார். இன்று துருக்கியில் இஸ்னிக் என்று சொல்லும் ஏரிக்கரை ஊர். வந்தவர்கள் 318 பேர் என்பது மரபுக் கணக்கு. வந்தவர்களில் முந்தைய ஒடுக்குமுறையில் கண்ணைப் பறிகொடுத்தவரும் கை வெந்துபோனவரும் இருந்ததாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். நேற்றுவரை சிறையில் அடித்த அரசாங்கம் இன்று விருந்து வைத்துக் கூட்டம் நடத்துகிறது. அந்த மண்டபத்தில் அவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நான் பல தடவை நினைத்துப் பார்த்ததுண்டு.

வேதாகமத்திலிருந்து எந்த வசனத்தை எடுத்து நீட்டினாலும் ஆரியுஸ் தரப்பு, ஆமாம், நாங்களும் அதைத்தான் சொல்கிறோம் என்று தங்கள் அர்த்தத்தில் ஒப்புக்கொண்டது. கடைசியில் ஆயர்கள் வேதாகமத்தில் இல்லாத ஒரு கிரேக்கச் சொல்லைப் போட்டார்கள்: ஹோமோஊசியோஸ். பிதா எதுவோ அதுவே குமாரனும். வேதத்துக்கு உண்மையாக இருப்பதற்காக வேதத்தில் இல்லாத சொல்லைக் கடன் வாங்கியதில் பல ஆயர்களுக்கே மனசு ஒப்பவில்லை. கையெழுத்துப் போட மறுத்த இரண்டு ஆயர்களும் ஆரியுஸும் நாடு கடத்தப்பட்டார்கள்.

அதோடு முடியவில்லை. முப்பது வருஷம் கழித்து ஒரு சமரசக் கட்சி கிளம்பியது. நடுவில் ஓர் எழுத்தைச் சேர்த்து ஹோமோய்ஊசியோஸ் என்று சொல்லிவிட்டால் எல்லோரும் ஒத்துப்போகலாமே என்றது. ‘ஒரே’ தன்மை வேண்டாம், ‘ஒத்த’ தன்மை போதும். கிரேக்கத்தில் அது ஒற்றை அயோட்டா, புள்ளியளவு எழுத்து. நிசேயாவின் ‘ஒரே’யைக் கடைசிவரை விடாத அத்தனாசியுஸ் என்ற ஆயர் ஐந்து தடவை ஊரைவிட்டு விரட்டப்பட்டார். மொத்தம் 17 வருஷம் வெளியூர் வாசம். கான்ஸ்டான்டிநோபிளில் ரொட்டிக்கடையில் விலை கேட்டாலும், குளிக்கப்போன இடத்தில் தண்ணீர் சூடா என்று கேட்டாலும், பிதா பெரியவர், குமாரன் சின்னவர் என்கிற மாதிரிதான் பதில் வருகிறது என நிஸ்ஸாவின் கிரகோரியார் சலித்துக்கொண்டார். நம் டீக்கடை அரசியல் மாதிரிதான். 381-ல் அதே நகரத்தில் கூடிய இரண்டாவது சங்கம் ‘ஒரே’ என்பதையே உறுதிசெய்து, பரிசுத்த ஆவியைப் பற்றிய பகுதியை விரித்தது. நாங்கள் நற்கருணை நாளில் சொல்வது அந்த வளர்ந்த வடிவத்தைத்தான்.

அந்த ஆயர்கள் கரிசல் தமிழ் பேசியிருந்தால் ‘ஒத்த’ என்று எழுதிவிட்டு இரண்டு தரப்பும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். அல்லது இன்றுவரை சண்டை ஓய்ந்திருக்காது.

ஆச்சிக்கு இதெல்லாம் தெரியாது. எழுத்தும் தெரியாது. ஆனால் பிரமாணம் தண்ணீர்பட்ட பாடு. சின்ன வயசில் உபதேசியார் வேப்பமரத்தடியில் உட்காரவைத்துச் சொல்லிச்சொல்லி மனப்பாடம் ஏற்றியது. “பொந்திப் பிலாத்து” என்பாள். பொந்தியு என்று திருத்தினால் அடுத்த வாரமும் பொந்திதான். எனக்கு ஏழெட்டு வயசிருக்கும்போது, நெத்து உடைத்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

“பிலாத்து யாரு ஆச்சி?”

“அவன் அந்தக் காலத்துக் கலெக்டரு.”

“கெட்டவன்தான? அவன் பேர நம்ம பிரமாணத்துல எதுக்குப் போட்டிருக்கு?”

“பத்திரத்துல சாட்சி பேரு போடுறதில்லையா? அந்த மாதிரி. இன்ன காலத்துல, இன்ன ஆளு அதிகாரத்துல இருக்கயில நடந்ததுன்னு தெரியணுமில்ல. கதைன்னு சொல்லிறப்பிடாதுல்ல.”

இறையியல் கல்லூரிகளில் இதே பதிலை இன்னும் நீளமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆச்சி பார்த்த பத்திரம் நிலப்பத்திரம்; கிழக்கே இன்னார் புஞ்சை, மேற்கே ஓடை, தெற்கே வண்டிப்பாதை என்று நான்கு எல்லை எழுதினது. எங்கள் மண்ணில் பொழிக்கல் நட்டால் நட்டபடி நிற்காது. மழைக்குக் கரிசல் ஊதும்; கோடையில் கால் போகிற அளவு வெடிக்கும்; கல் சாயும். சாய்ந்த கல்லை நேராக்க இரண்டு பக்கத்துக்காரரும் வரவேண்டும். ஒருத்தர் மட்டும் போய் நிமிர்த்தினால் அன்றைக்கு அடிதடிதான்.

பிரமாணம் தமிழுக்குள் வந்த கதையில் ஒரு சொல்லை நிமிர்த்திய சம்பவம் பதிவாகியிருக்கிறது. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே, இப்போது அதே தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை. அவருக்குத் தமிழ் தெரியாது. போர்ச்சுக்கீசும் தமிழும் தெரிந்த ஆட்களை வைத்துச் சின்னப் பிரமாணத்தைத் தமிழாக்கி, உச்சரிப்பை மனப்பாடம் பண்ணி, மணியடித்துக்கொண்டு ஊருக்கு ஊர் போனார். ஒவ்வொரு வாசகமாகச் சொல்லி, இதை நம்புகிறீர்களா என்று கேட்பார். பரதவர்கள் கைகளை நெஞ்சின் குறுக்கே சிலுவையாக வைத்து ஆமாம் என்பார்கள்.

1544-ல் தன் தோழர் மான்சில்லாசுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் சொல்கிறார். பிரமாணத்தின் முதல் வரியில் இதுவரை ‘வேணும்’ என்று சொல்லிவந்திருக்கிறோம். அதற்குக் கடவுளை எனக்கு வேண்டும் என்று அர்த்தமாகிறது, விசுவாசம் என்ற சொல்லைப் போடு என்கிறார். இரண்டு வருஷமாக ஒரு கடற்கரை முழுக்க, நான் நம்புகிறேன் என்பதற்குப் பதில் எனக்கு வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சவேரியாருக்கு அது பிழை. கடலுக்குள் மூச்சடக்கிப் போகிறவன் வாயில் அது அத்தனை பெரிய பிழையாக எனக்குத் தோன்றவில்லை. அதே கடிதத்தில் இன்னொரு சொல்லையும் மாற்றச் சொல்கிறார். போர்ச்சுக்கீச எழுத்தில் நசுங்கிக் கிடக்கிற அந்தச் சொல் ‘வம்பினாலே’ என்றுதான் என் காதில் விழுகிறது. கிறிஸ்து வம்படியாகப் பாடுபடவில்லை, மனமொத்துப் பாடுபட்டார், அதனால் அந்தச் சொல் ஆகாது என்கிறார். தமிழ் தெரியாத மனுஷன் தமிழில் பொழிக்கல்லைப் பிடித்து நிமிர்த்துகிறார்.

அதற்குப் பிறகு பிரமாணம் வேகமாக நடந்தது. 1554-ல் லிஸ்பனில், ரோமன் எழுத்தில் அச்சிட்ட தமிழ்ச் சிறுநூலில் ஏறியது. மொழிபெயர்ப்புக்கு உழைத்தவர்கள் கடல்கடந்து போயிருந்த மூன்று இந்தியர்கள். 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் 16 பக்கத் ‘தம்பிரான் வணக்க’த்தைத் தமிழெழுத்திலேயே அச்சிட்டார். இந்திய மொழி ஒன்று தன் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகம் விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்கிற புத்தகம்தான்.

கடவுள் பெயர் மட்டும் மொழிபெயர்த்தவர்கள் கையில் ஓரிடத்தில் நிற்கவில்லை. அண்டிரிக் அடிகளாருக்குத் தம்பிரான். நொபிலி வழிவந்தவர்களுக்குச் சருவேசுரன். பப்ரிசியுஸுக்குப் பராபரன். 1871-ல் முழுசாக வந்த பவர் ஐயரின் பைபிளில் தேவன். 1995-ல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியத்தில் கடவுள். சேர்ந்து செய்தார்களே தவிர, எங்கள் ஆட்கள் பழைய தேவனை விடவில்லை. புதியது பெரும்பாலும் ஆர்.சி. கோயில் பீடத்தில்தான் இருக்கிறது. நிசேயாவின் அந்தக் கிரேக்கச் சொல்லும் தமிழில் இரண்டாகப் பிரிந்தது. எங்களுக்கு ‘ஒரே தன்மை’. அவர்களுக்கு ‘ஒரே பொருள்’. தன்மை என்றால் இலக்கண வாத்தியாருக்கு நான், நாம். பொருள் என்றால் கோவில்பட்டி கடைவீதியில் சரக்கு. எந்தச் சொல்லை எடுத்தாலும் ஏற்கெனவே அதில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். ஆனாலும் ‘ஒரே’ என்பதில் இரண்டு பேரும் கையை வைக்கவில்லை.

சண்டை கரிசலுக்குள் வந்தது 18-ஆம் நூற்றாண்டில். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் காமநாயக்கன்பட்டி. பரலோக மாதா கோயில். ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு வேற்று மதத்தாரும் வண்டி கட்டி வருகிற ஊர். மதுரை மிஷனின் பழைய தலம் அது. இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி, நம் வீரமாமுனிவர், தமிழகத்துக்கு வந்த ஆரம்ப வருஷங்களில் அங்கே பணிசெய்தார். இந்தக் கரிசல் வெயில்தான் அவருக்குத் தமிழ் வெயில். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும் அவருக்குப் பின்வந்த லுத்தரன்களும் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுப் பரப்பினார்கள். பெஸ்கி எதிர்த்தார். 1728-ல் வேத விளக்கம். அப்புறம் பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு. பேதகம் என்பது பிரிவினைக் கொள்கை. மறுத்தல் எப்படி மறுத்தலென்று தலைப்பே சொல்கிறது. லுத்தரன்களும் சும்மா இருக்கவில்லை. இரண்டு தரப்பின் தமிழிலும் காரம் ஏராளம்.

இதில் என்னை உட்காரவைத்து யோசிக்கவைக்கிற விஷயம் ஒன்றுதான். ஒருவரை ஒருவர் பேதகர் என்ற அந்த இரண்டு பேரும் அன்றைக்கும் ஒரே பிரமாணத்தைத்தான் சொன்னார்கள். மாதா வணக்கம், போப்பாண்டவர், நல்ல கிரியை, எத்தனை தேவதிரவிய அனுமானம் என்று அவர்கள் மோதிய எதுவும் அந்தப் பிரமாணத்துக்குள் இல்லை. இல்லாததற்குத்தான் அத்தனை மை.

அடுத்த நூற்றாண்டில் புராட்டஸ்டண்டு வீட்டுக்குள்ளேயே பிளவு. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியுஸ் ஐயர் ஜெர்மன்காரர், லுத்தரன் பழக்கம். அவரை வேலைக்கு வைத்த சி.எம்.எஸ். மிஷனரி சங்கமோ ஆங்கிலிக்கன். உபதேசியாருக்கு யார் கைவைத்துப் பட்டம் கொடுப்பது என்பதில் வந்த முறுகல், ஆங்கிலிக்கன் சபை முறையை அவர் எழுத்தில் விமர்சித்ததும் முற்றி, 1835-ல் அவரை விலக்கிவிட்டார்கள். சபைகள் இரண்டு பட்டன. 1838-ல் அவர் இறந்தபின் மெல்லச் சேர்ந்தன. கிறிஸ்து யார் என்பதில் இரண்டு தரப்புக்கும் கடுகளவு வித்தியாசம் கிடையாது. லண்டனிலும் பிரஷ்யாவிலும் பழகிய முறை வேறு, அவ்வளவுதான். அதற்குப் பண்ணைவிளைக்காரனும் நாலுமாவடிக்காரனும் பக்கம் பிரிந்து நிற்கவேண்டியதாயிற்று.

வடக்குக் கரிசலுக்குப் பிரமாணம் கூடாரத்தில் வந்தது. ராக்லண்ட் ஐயர் கேம்பிரிட்ஜில் கணக்கில் பெயர் வாங்கியவர். 1854-லிருந்து பங்களா கட்டாமல், வடதிருநெல்வேலி முழுக்கக் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போவது என்று கிளம்பினார். தெற்கே இருந்த சபைகள் முறைவைத்துத் தங்கள் உபதேசியார்களை அனுப்பின. ஐப்பசிக் கரிசலில் கூடாரம் அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது என்ன பாடு என்று தெரியும். முளைக்குச்சி நிற்காது. செருப்பில் ஒட்டின மண் எடுத்துவைக்கிற ஒவ்வோர் அடிக்கும் கனக்கும். பத்தடி நடந்தால் காலில் ஒரு தலையணை. 1858 அக்டோபர் 22-ல் சிவகாசியில் ரத்தம் கக்கி இறந்துபோனார். அறுவடை சொற்பம். ஆனால் வேப்பமரத்தடியில் வாசகத்தை வாய்வழியாக ஏற்றுகிற வழக்கம் இந்தப் பக்கத்தில் நின்றுவிட்டது. ஆச்சி அந்த வழக்கத்தின் கடைசிப் பிள்ளைகளில் ஒருத்தி.

பிரமாணம் எதைப் பிடித்தது என்று சொல்லிக்கொண்டு வருகிறவன், எதைப் பிடிக்காமல் விட்டது என்பதையும் சொல்லவேண்டும். ‘ஒரே சபை’ என்று பெரிய பிரமாணத்தில் வருகிறது. நெல்லைச் சீமையின் தெற்கே வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோயிலில் இரண்டு சாதிக்கு இரண்டு கூடம். ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கால்போலப் பிரிந்து வரும், நடுவில் தடுப்பு. அந்தக் காலத்தில் பூசை லத்தீனில். ‘ஒரே’ என்பதற்கான லத்தீன் சொல் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சத்தத்தில் விழுந்தது. 1910-ல் தடுப்பை இடித்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் அது திரும்ப எழும்பவில்லை. ஓர் அயோட்டாவுக்காக ஆயர்களை நாடு கடத்திய சபை, ஒரு சுவரை 38 வருஷம் பார்த்துக்கொண்டு நின்றது. சங்கம் கூட்டி அதைப் பேதகம் என்று யாரும் அறிவிக்கவில்லை. புராட்டஸ்டண்டுகள் இதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். செங்கல் வைக்காமலே சுவர் கட்டத் தெரிந்தவர்கள் நாங்கள். எங்கள் கல்லறைத் தோட்டங்களைப் போய்ப் பார்க்கலாம்.

எங்கள் மொழிபெயர்ப்பில் ‘பொதுவான’ சபை என்று வரும். சின்ன வயசில் எனக்கு அது விளங்கவில்லை. ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே பொது, பொதுக்கிணறு. அதில் எல்லோரும் இறங்க முடியாது.

பிரிந்து கிடந்த சபைகளைச் சேர்க்கக் கிளம்பியவரும் இந்தச் சீமைக்காரர்தான். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, 1912-ல் தோர்ணக்கல் ஆயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய ஆயர். தெலுங்கு நாட்டுக் கிராமங்களில் ஏழை மக்கள் கூட்டமாகச் சபைக்கு வந்துகொண்டிருந்தபோது, நீ எந்தச் சபை என்று கேட்டுப் பிரிக்கிற வேலை அவருக்குக் கேவலமாகப் பட்டது. 1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில், சீகன்பால்கு இறங்கிய அதே கடற்கரையில், 33 ஊழியர்கள் கூடினார்கள். இருவர் மட்டும் வெளிநாட்டார். இந்தப் பிரிவினைகளை நாம் உண்டாக்கவில்லை, இவற்றை நாம் சுமந்து திரிய வேண்டியதுமில்லை என்கிற தோரணையில் ஓர் அறிக்கை எழுதினார்கள். சேருவதற்கு நான்கு அடிப்படை: வேதாகமம், இரண்டு பிரமாணங்கள், திருமுழுக்கு, நற்கருணை என்ற இரண்டு சடங்குகள், ஆயர் முறை. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்று பட்டியல் போட்டபோது அண்ணனும் தம்பியும் விடக்கூடாததில் இருந்தார்கள்.

சேர 28 வருஷம் பிடித்தது. ஆங்கிலிக்கன்களுக்கு ஆயரில்லாமல் சபையில்லை. மதுரைப் பக்கத்து அமெரிக்க மிஷன் வழிவந்தவர்களுக்கோ, ஆயரும் ஆகாது, மனசாட்சியை ஒரு வாசகத்தில் பூட்டுகிற எதுவும் ஆகாது. கடைசியில், பிரமாணங்கள் விசுவாசத்துக்குச் சாட்சி, அதைக் காக்கிறவை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வோர் ஆளும் ஒப்பம் போட வேண்டுமென்பதில்லை என்று எழுதி இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்தார்கள். லண்டனில் கவிஞர் டி.எஸ். எலியட்டுக்கு இது பொறுக்கவில்லை. 1943-ல் இந்தத் தென்னிந்தியத் திட்டத்தை எதிர்த்தே ஒரு சிறு புத்தகம் எழுதினார். அழித்துச் சேர்க்கிறார்கள் என்பது தலைப்பின் சாரம். பாழ்நிலம் எழுதிய கவிஞர் நம் வானம்பார்த்த பூமியின் சபைகளுக்காக இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார். அவர் பயத்தில் ஒரு நியாயம் உண்டு. சேருவதே குறி என்று ஆகிவிட்டால், ‘ஒத்த’ போதும் என்று அன்றைக்கு வந்த சமரசம் திரும்பவும் வந்து நிற்கும். ஆனால் அவர் பார்க்கத் தவறியது, தரங்கம்பாடிக்காரர்கள் எதைக் கையிலிருந்து விடவில்லை என்பதை.

அசரியா 1945 ஜனவரி 1 அன்று இறந்துபோனார். 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது எங்கள் சி.எஸ்.ஐ., பிறந்தது. சுதந்திரம் கிடைத்து ஆறு வாரம். எங்கள் ஊரில் ஒன்றும் மாறவில்லை என்று ஆச்சி சொல்வாள். அதே ஐயர், அதே மணி, அதே பிரமாணம். போர்டில் மட்டும் பெயர் மாற்றி எழுதினார்களாம்.

இப்போது கரிசலில் சபைகளுக்குப் பஞ்சமில்லை. எட்டயபுரம் ரோட்டில் போனால் தகரக் கொட்டகைக்கு ஒரு பெயர். சிலர் வந்து, ஞானஸ்நானம் இயேசுவின் நாமத்தில் மட்டும்தான், பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று மூன்று பேர் கிடையாது என்கிறார்கள். அது ஆரியுஸுக்கும் முந்திய பழைய வாதம். பளிச்சென்று உடுத்திய இரண்டு பேர் காவற்கோபுரம் பத்திரிகையோடு கதவைத் தட்டி, இயேசு கடவுளின் முதல் படைப்பு என்பதை மரியாதையாக விளக்குவார்கள். ஆரியுஸ் நேரில் வந்து நிற்கிற மாதிரியே இருக்கும். ஆச்சி அவர்களை உட்காரவைத்து மோர் கொடுப்பாள். எல்லாம் கேட்டுவிட்டு, “அப்பொ அவரக் கும்பிடலாமா, கூடாதா?” என்பாள். அலெக்சாந்திரியாவில் கேட்ட அதே கேள்வி. அவர்கள் பதில் சொல்ல ஆரம்பித்ததும், “கூடாதுன்னா எனக்கு வேணாம் ராசா, மோரக் குடி” என்று முடித்துவிடுவாள். என்னைக் கேட்டால், காணிக்கை போட்டால் கடன் அடையும், போடாவிட்டால் பிள்ளைக்குச் சுகமில்லாமல் போகும் என்று மைக்கில் சொல்கிறவர்கள்தான் ஆபத்து. அவர்கள் பிரமாணத்தில் ஓர் எழுத்தையும் மாற்றுவதில்லை. அதைச் சொல்வதே இல்லை.

2025 நவம்பர் 28-ல் போப் பதினான்காம் லியோவும் கான்ஸ்டான்டிநோபிள் மறைமுதுவர் பர்த்தலமேயுவும் இஸ்னிக் ஏரிக்கரையில், தண்ணீருக்கு அடியிலிருந்து வெளிப்பட்ட பழைய கோயில் அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் நின்று ஜெபித்த படத்தைச் செல்போனில் பார்த்தேன். ஆயிரம் வருஷமாக அந்த இரண்டு சபைகளும் பிரிந்திருப்பதற்கான காரணங்களில் பெரிய பிரமாணத்தின் ஒரு சொல்லும் ஒன்று. ஆவியானவர் பிதாவிலிருந்து மட்டும் வருகிறாரா, குமாரனிலிருந்துமா? தமிழில் அது ஓர் ‘உம்’.

எனக்கு அந்தப் படம் நினைவூட்டியது வேறொரு ராத்திரியை. ஆச்சியின் அக்காவைக் காமநாயக்கன்பட்டிப் பக்கம் ஆர்.சி. வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்தப் பெரியாச்சி இறந்ததற்குத் துட்டி கேட்க எங்கள் வீட்டிலிருந்து ஒரு வேன் போனோம். புரட்டாசிக் கடைசி, தூறல். வாசலில் சாமியானா, உள்ளே கண்ணாடிப் பெட்டி. கோயில்பிள்ளை வந்து செபமாலை ஆரம்பித்தார். செபமாலை தொடங்குவது சின்னப் பிரமாணத்தில். எங்கள் ஆச்சி சுவரோரம் உட்கார்ந்திருந்தவள், சுவரைப் பிடித்து எழுந்தாள். பிரமாணம் சொன்னால் நிற்கவேண்டும். எங்கள் ஆட்கள் எல்லோரும் எழுந்தார்கள்.

இளவட்டங்கள் ‘நம்புகிறேன்’ என்றார்கள். அந்த வீட்டுக் கிழவிகள் ‘விசுவசிக்கிறேன்’ என்றார்கள். நாங்கள் ‘விசுவாசிக்கிறேன்’ என்றோம். எங்கள் பைபிளில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று வருகிற இடத்தில் அவர்கள் பைபிளில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. அவர்களுக்கு நம்பிக்கையாக இருப்பது எங்களுக்கு விசுவாசம், எங்களுக்கு நம்பிக்கையாக இருப்பது அவர்களுக்கு எதிர்நோக்கு. சத்தம் கொஞ்சம் கசங்கி, அடுத்த சொல்லில் சேர்ந்துகொண்டது. பிலாத்து வந்தான்; பொந்தி என்று இரண்டு மூன்று கிழவிகள் குரல் கேட்டது, ஆச்சி மட்டுமில்லை. சபையைச் சொல்கிற இடம் வந்ததும் பாதி வீடு ‘கத்தோலிக்க’ என்றது, எங்கள் பாதி ‘பொதுவான’ என்றது. அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு கூட்டமும் தனித்தனியாகக் கேட்டன. உடனே மறுபடி ஒரே குரல், ஆமென் வரைக்கும்.

பிறகு பரலோக மந்திரம் முடிந்து அருள் நிறைந்த மரியே ஆரம்பித்தது. எங்கள் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. வேனுக்குப் போகலாமா என்று யாரோ சைகை செய்தார்கள். ஆச்சி கையமர்த்திவிட்டு உட்கார்ந்தாள். ஐம்பத்து மூன்று மணியும் முடிகிறவரை வாயைத் திறக்காமல், அக்கா காலடியில், பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.